மூன்றாவது சருகு

பதினோரு நாளும் நாலு மணி நேரமும். நவம்பர் ஐந்தாம் தேதி காலை ஏழு மணிக்குப் புழு கடைசித் தோலை உரித்துக் கூட்டுப்புழுவாகித் தொங்கியது; பதினாறாம் தேதி பதினோரு மணிக்குக் கூடு வெடித்தது. சூடாமணி முதலில் கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு நோட்டில் எழுதினாள். அதன்பிறகுதான் வலைக்கூண்டுக்குப் பக்கத்தில் போய் நின்று பார்த்தாள்.

ஈரமாய், கசங்கிய துணிபோல் ஒன்று கூட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கியது. கால் மணி நேரத்தில் சிறகு விரிந்து நீண்டது. உள்பக்கம் நல்ல நீலம். குறுக்கே வெளிர்நீலமாக ஒரு பட்டை. அதைச் சரியாகப் பார்த்து முடிப்பதற்குள் பூச்சி சிறகை மூடிக்கொண்டது. மூடியதும் பூச்சி இல்லை. காய்ந்த இலை ஒன்று இருந்தது. நடுநரம்பு, கிளை நரம்பு, பூசணம் பூத்த புள்ளி, நுனியில் காம்பு, ஒன்றுக்கும் குறைவில்லை.

"ஆண்டவரே, இப்பம் எங்கே போச்சு?" என்றான் அட்டெண்டர் ஞானையன். கூண்டுக்குள்தான் இருக்கிறது என்று அவள் விரலால் காட்டினாள். சொல்வதைவிடக் காட்டுவது அவளுக்கு எளிது.

சூடாமணிக்கு இருபத்துமூன்று வயது. விலங்கியலில் முதல் வகுப்பு. கல்லூரியில் அவள் பார்ப்பது தற்காலிக டெமான்ஸ்ட்ரேட்டர் வேலை. டிசம்பர் முப்பத்தொன்றோடு முடிகிறது. அதை வாங்கிக் கொடுத்தவர் விலங்கியல் துறைத் தலைவர் ராமசுப்ரமணியன். கரமனையில் அவர்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தார். அப்பாவுக்குச் சிநேகிதர். அப்பா காலமான பிறகு அந்த வீட்டுக்கு ரேஷன் கார்டு மாற்றியதிலிருந்து சூடாமணிக்கு வேலை வரை எல்லாம் அவர் செய்ததுதான். வீட்டில் அவர் மாமா. வேலையில் சேர்ந்த அன்றே அவர் அவளிடம் சொல்லிவிட்டார்.

"காலேஜ் கேட்டுக்குள்ளே மாமா கிடையாது, கேட்டியோ? ஸார்."

மூன்று வருஷமாக அவள் வாய் தவறியதில்லை.

அந்த வேலை ஜனவரியிலிருந்து நிரந்தரமாகப் போகிறது என்று பேச்சு. யாருக்கு என்பதைப் பிரின்சிபால் முடிவு செய்வார். பிரின்சிபால் காதில் போடவேண்டியவர் ஸார். அது கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதும் வீட்டில் தீர்மானமாகியிருந்தது. நாக்பூரில் ரயில்வேயில் இருக்கும் ஒரு வரனின் போட்டோ பீரோவுக்குள் புடவைகளுக்கு நடுவே இருந்தது. முதல் மனைவி தவறி ஒரு வருஷமாகிறது. போட்டோவில் அவர் சட்டைப்பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். அம்மா லலிதாம்பாள் அந்தப் பேச்சைத் தினமும் எடுப்பதில்லை. பீரோவைத் திறக்கும்போது மட்டும், வேலை நிரந்தரமானால் ஒரு வருஷம் தள்ளிப் போடலாம், இல்லாவிட்டால் தை மாசமே என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்வாள்.

டிசம்பர் மூன்றாம் தேதி கல்லூரியில் விஞ்ஞானக் கண்காட்சி. விலங்கியல் பிரிவுக்குப் பேர் வாங்கித்தர ஸார் ஒரு கண்ணாடிப் பெட்டியை யோசித்து வைத்திருந்தார். அதில் ஒரு குச்சி. குச்சியில் ஏழு சருகு. ஏழில் ஒன்று பூச்சி. எது என்று வருகிறவர்கள் கண்டுபிடிக்க வேண்டும். யோசனை அவருடையது. மற்றதெல்லாம் சூடாமணியுடையது. பொன்முடித் தேயிலைத் தோட்டத்தில் குமாஸ்தாவாக இருந்த அண்ணா வீட்டுக்கு லீவில் போனபோது குறிஞ்சிச் செடியில் முட்டையைக் கண்டுபிடித்தவள் அவள். அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு தடவை அண்ணா நனைந்த சாக்கில் செடியைச் சுற்றி பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்புவான். பஸ் வராத நாளில் புழு பட்டினி. பதினாறு முட்டையில் புழுவானது ஒன்பது, கூடானது இரண்டு, அதில் ஒன்று கறுத்துப்போயிற்று. மிஞ்சியது இந்த ஒன்று.

இரண்டு நாள் அது கூண்டில் உயிரோடு இருந்தது. அந்த இரண்டு நாளும் அவள் எதிர்பார்த்தபடியே உட்கார்ந்தது: தலை கீழே, வால் மேலே. பொன்முடியில் லீவு முழுக்க அவள் மரத்தடிகளில் எண்ணிப் பார்த்திருந்தாள். நாற்பத்தொரு பூச்சி, முப்பத்தெட்டு தலைகீழ். ஆனால் ஸாரிடம் இருந்த லண்டன் புத்தகத்தில் படம் வேறு மாதிரி. அதில் பூச்சி மெல்லிய குச்சியில் தலை நிமிர்ந்து, சிறகின் வால் குச்சியைத் தொட்டு, இலைக்காம்பு முளைத்ததுபோல உட்கார்ந்திருக்கும்.

நோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தபோது ஸார் பக்கத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"பொன்முடிப் பூச்சி இங்கிலீஷ் படிச்சிருக்காது, சூடா. அதுக்கு எப்படி உக்காரணும்னு தெரியல்லே."

அறையில் இருந்த இரண்டு லெக்சரர்களும் சிரித்தார்கள். மறுநாள் அவரே கூண்டருகே வந்து பார்த்தார். பூச்சி தலைகீழாக இருந்தது. குச்சியைத் திருப்பி வைக்கச் சொன்னார். ஞானையன் குச்சியைப் பிடுங்கி மேல்புறத்தைக் கீழாக்கி நட்டான். பூச்சி நாலடி நடந்தது, நிதானமாகத் திரும்பியது, மறுபடி தலைகீழாக உட்கார்ந்தது. ஸார் அதைப் பார்க்கக் காத்திருக்கவில்லை. செத்த பிறகு சரியாக ஒட்டிவிட்டால் போயிற்று என்று வராந்தாவில் போய்க்கொண்டே சொன்னார்.

புதன்கிழமை சாயந்திரம் அவளே அதைப் பூச்சி கொல்லும் மருந்துச் சீசாவில் போட்டாள். அந்தச் சீசாவில் எத்தனையோ பூச்சிகளைப் போட்டிருக்கிறாள். அப்போதெல்லாம் கடிகாரத்தைப் பார்த்து நேரம் குறிப்பாள். அன்று குறிக்கவில்லை. சிறகை மூடிய நிலையில் பதம் செய்து, அட்டைப் பெட்டியில் பஞ்சின்மேல் வைத்து, நாலு நாப்தலின் உருண்டை போட்டு, காயவைக்கும் மேஜைமேல் வைத்தாள். அந்த மேஜையின் நாலு காலும் நாலு தகர டப்பாவில் நிற்கும். டப்பாவில் தண்ணீர், தண்ணீர்மேல் ஒரு கரண்டி மண்ணெண்ணெய். இந்த ஊரில் மழை நின்றாலும் ஈரம் நிற்காது. ஈரம் இருக்கிற இடத்தில் எறும்பு இருக்கும். தினமும் காலையில் வந்ததும் டப்பாவில் தண்ணீர் பார்ப்பது அவளுடைய முதல் வேலை. பூ வைப்பதுபோல, விளக்கேற்றுவதுபோல அதுவும் ஒரு வழக்கமாகியிருந்தது.

கண்காட்சிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை ஸார் அந்த அட்டைப் பெட்டியைக் கேட்டார். அவர் பெண்ணைப் பார்த்துப்போக ஞாயிற்றுக்கிழமை பாலக்காட்டிலிருந்து சம்பந்தி வீட்டார் வருகிறார்கள். அவர்களுக்குக் காட்ட வேண்டுமாம். மாப்பிள்ளைப் பையன் காலேஜில் சயன்ஸ் படித்தவனாம்.

"எறும்பு…" என்று சூடாமணி ஆரம்பித்தாள்.

"எங்காத்திலே எறும்பு கிடையாது."

திங்கட்கிழமை பெட்டி திரும்பி வந்தது. சணல் கயிறு போட்டு இறுக்கக் கட்டியிருந்தார். சம்பந்தி வீட்டார் அசந்துபோய்விட்டார்களாம், நிச்சயமே ஆகிவிட்டதாம். புதன்கிழமை ஒட்டுகிற வரைக்கும் பெட்டியைத் திறக்காதே, ஈரம் புகுந்துவிடும் என்றார். அவள் திறக்கவில்லை. வாங்கி, மேஜைமேல், மண்ணெண்ணெய்த் தண்ணீருக்கு நடுவே பத்திரமாக வைத்தாள். இரண்டு நாள் காலையில் வந்து டப்பாவில் தண்ணீர் இருக்கிறதா என்றும் பார்த்தாள்.

புதன்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குக் கயிற்றை அவிழ்த்தாள்.

பஞ்சின்மேல் பழுப்பாய்க் கொஞ்சம் பொடி இருந்தது. சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு சிறகுத் துண்டு, அதில் நீலம். ஒரு கால். மூலையில் செத்துக் கிடந்த நாலைந்து சிவப்பெறும்பு. நாப்தலின் உருண்டைகளைக் காணோம். காட்டும்போது நாறுகிறது என்று யாராவது எடுத்துப் போட்டிருப்பார்கள்.

அவள் மூடியைத் திரும்ப மூடினாள். ஞானையன் பார்த்துவிட்டான்.

அவள் நேரே ஸார் அறைக்குப் போனாள். சொல்லத்தான் போனாள். அவர் மறுநாள் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார், தலை நிமிரவில்லை. எல்லாம் தயார்தானே என்று அவரே கேட்டார். அவள் பதில் சொல்லுமுன் அவரே தொடர்ந்தார்.

"நாளைக்கு ஒரு குறை வரப்படாது, சூடா. உன் விஷயத்தை நாளைக்குத்தான் பிரின்சிபால் கிட்டே போடறேன். பெட்டியைப் பாத்துட்டு மனுஷன் சந்தோஷமா இருக்கறச்சே போடணும். அதிலேதான் இருக்கு சாமர்த்தியம்."

உங்கள் வீட்டில்தான் போயிற்று என்று அவரிடம் எப்படிச் சொல்வது? அவருடைய வீட்டுச் சாப்பாட்டை எத்தனை நாள் சாப்பிட்டிருக்கிறாள். அப்பாவைத் தூக்கிக்கொண்டு போன நாலு பேரில் அவர் ஒருவர். "சரி ஸார்" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஞானையன் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்கு விளங்கிவிட்டது.

"சொல்லல்லே, அல்லியா?" என்றான். கொஞ்ச நேரம் துடைத்தான். "ஏழும் சருகாட்டு வச்சிருங்கம்மா. ஒரு பயலும் பாக்க மாட்டான். பாக்கியதுக்கா வராவ? காப்பி குடிச்சியதுக்கு வராவ."

குச்சியில் ஒட்ட அவள் பொன்முடியிலிருந்து கொண்டுவந்த சருகுகளில் இன்னும் சில மிச்சமிருந்தன. எட்டு ஒன்பதைப் பார்த்து ஒன்றை எடுத்தாள். கூரான நுனி, நீண்ட காம்பு, நடுவில் பூசணப் புள்ளி. ஸார் சொன்ன இடம் மேலிருந்து மூன்றாவது. அங்கே பிசின் தொட்டு, காம்பு குச்சியில் படும்படி ஒட்டினாள். லண்டன் புத்தகத்துப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். படத்தில் இருந்தபடியே அச்சாக இருந்தது. அந்தப் படத்தில் உள்ளபடி உட்கார இலையால்தான் முடியும் என்று தோன்றியபோது அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது. அது நல்ல சிரிப்பாக இல்லை.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்குப் பிரின்சிபால் ரிப்பனை வெட்டினார். கடைசியாக விலங்கியல் பிரிவுக்கு வந்தார். கூடவே பத்துப் பதினைந்து பேர். ஸார் கையில் நீளமான பிரம்பு. சூடாமணி வழக்கம்போல அலமாரிக்குப் பக்கத்தில், சுவரோடு சுவராக நின்றாள்.

பிரின்சிபால் குனிந்து பார்த்தார். ஐந்தாவதைக் காட்டினார். ஸார் சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு, பிரம்பு நுனியால் மூன்றாவதைத் தொட்டுக் காட்டினார். கண்ணாடிக்கு வெளியேதான் பிரம்பு. ஆனாலும் சூடாமணி அலமாரியோடு ஒட்டிக்கொண்டாள். இப்போது தெரிந்துவிடும். விலங்கியலில் இருபத்திரண்டு வருஷம் சொல்லிக்கொடுத்தவர், அரை அடி தூரத்தில் நின்று பார்க்கிறார்.

"பாருங்கோ, காலை மடக்கிண்டிருக்கறது தெரியறதா? அதோ, அந்த மடிப்பு" என்றார் ஸார்.

தெரிகிறது என்றார் பிரின்சிபால். பின்னால் நின்றவர்களுக்கும் தெரிந்தது. ஒருவருக்கு உணர்கொம்பே தெரிந்தது. உயிரோடு இருப்பதுபோல் இருக்கிறது என்று பிரின்சிபால் சொன்னபோது ஸார் மார்பில் கை வைத்துத் தலை குனிந்தார்.

"முட்டையிலேர்ந்து நானே வளத்ததாக்கும். கூட்டிலே இருந்தது பதினோரு நாளும் நாலு மணி நேரமும். பக்கத்திலேயே இருந்து எண்ணினேன்."

அந்தக் கணக்கு எந்தப் பக்கத்தில் எந்த மையில் எழுதியது என்று அவளுக்குத் தெரியும். நாலு மணி நேரம் என்பதற்குக் கீழே அவள் ஒரு கோடு போட்டிருந்தாள்.  அவர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தார். அறை வாசலில் பிரின்சிபாலை ஓரமாக நிறுத்திப் பேசினார். பிரின்சிபால் திரும்பி அலமாரிப் பக்கம் தேடி, யார் என்று தெரியாமல் மறுபடி கேட்டு, பிறகு அவளைக் கண்டுபிடித்துத் தலையசைத்தார். நாளைக்கு உத்தரவில் கையெழுத்தாகிவிடும் என்று ஸார் அவளைத் தாண்டிப் போகும்போது தாழ்ந்த குரலில் சொன்னார். பீரோவில் புடவைகளுக்கு நடுவே இருக்கும் போட்டோவை அவள் நினைத்தாள். ஒரு வருஷம். அதற்குள் இன்னொரு முட்டை கிடைக்கலாம். இன்னொரு பூச்சியை வளர்க்கலாம். அதைத் தலைகீழாகவே ஒட்டலாம்.

பகல் முழுக்கக் கூட்டம். ஸார் களைக்கவில்லை. மூன்றாவதைக் காட்டாமல் யாரையும் விடவில்லை. காட்டியதும் எல்லோரும் ஆ என்றார்கள். சூடாமணி எண்ணிக்கொண்டிருந்தாள், எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியாது. மூன்றரை மணி வரைக்கும் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் பூச்சியைப் பார்த்தார்கள்.

மூன்றரைக்கு ரத்னாபாய் வந்தார். பக்கத்துப் பெண்கள் பள்ளிக்கூடத்தில் இயற்கைப் பாடம் எடுப்பவர். வயது ஐம்பதுக்கு மேல். வெள்ளைப் புடவை, தோளில் துணிப்பை. பின்னால் வரிசையாக முப்பது பெண்பிள்ளைகள். அவர் பிள்ளைகளை உட்காரவைத்துவிட்டுத் தான் முதலில் போய்ப் பார்த்தார். ஸார் பிரம்பால் மூன்றாவதைக் காட்டினார். ரத்னாபாய் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். பெட்டியைச் சுற்றிவந்து மறுபக்கமிருந்து பார்த்தார். அன்று காலையிலிருந்து பெட்டியின் மறுபக்கம் போனவர் அவர் ஒருவர்தான்.

"எனக்கு இலைதான் தெரியுது ஸார்" என்றார். குரலில் சங்கோஜம் இருந்தது. "பூச்சிக்கு உடம்பு வேணுமே. உடம்பைக் காணலையே."

பிரின்சிபாலும் இரண்டு லெக்சரர்களும் அப்போது காப்பி முடித்து உள்ளே வந்திருந்தார்கள். ஸார் அவர்களைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"டீச்சருக்குக் கண்ணாடி மாத்தற காலம் வந்தாச்சு. இல்லே, ரிட்டயராகற காலமோ என்னமோ."

லெக்சரர்கள் சிரித்தார்கள். பிரின்சிபால் சிரித்தார். அதைப் பார்த்து முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்; பிறகு முப்பது பேரும். ரத்னாபாய் திரும்பித் தன் பிள்ளைகளைப் பார்த்தார். அதட்டவில்லை. கண்ணாடியை மறுபடி கழற்றினார். புடவைத் தலைப்பால் துடைத்தார். துடைக்கத் துடைக்க அவர் கழுத்தும் காதும் சிவந்தன. தன் கண்தான் பொய் சொல்கிறது என்று அவர் நம்பத் தொடங்குவது முகத்தில் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷத்தில் தெரிகிறது என்று சொல்லிவிடுவார். இருநூற்றுப் பதின்மூன்று.

"சூடா, இங்கே வா" என்று கூப்பிட்டார் ஸார். பிரம்பை அவளிடம் நீட்டினார். "ஒட்டினவ நீதானே. டீச்சருக்குச் சரியாக் காட்டிக் குடு. இது காலு, இது கொம்புன்னு சொல்லு."

சுவரிலிருந்து பெட்டிவரை எட்டு அடி. பிரம்பு கைக்கு வந்தது. அறையில் இருந்த அத்தனை பேரும் அவளைப் பார்த்தார்கள். இத்தனை பேர் ஒரே நேரத்தில் அவளைப் பார்த்ததில்லை. வாசலில் ஞானையன் தலையை மெல்ல இடமும் வலமும் ஆட்டினான்: வேண்டாம். பிரின்சிபால் முகத்தில் காலையில் வந்த அதே தயவு இருந்தது. பிரம்பு நுனியைக் கொஞ்சம் நகர்த்தினால் போதும். வாயைத் திறக்கக்கூட வேண்டியதில்லை. அவள் எப்போதும் காட்டுகிறவள்தானே.

ரத்னாபாய் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பாடம் கேட்கிற பிள்ளைபோல, பிரம்பு எங்கே போகும் என்று காத்துக்கொண்டிருந்தார்.

சூடாமணி பிரம்பை மேஜைமேல் வைத்தாள்.

"டீச்சர் பாத்ததுதான் சரி" என்றாள். தன் குரல் அவளுக்கே யாரோ பேசுவதுபோல் கேட்டது. "ஏழும் சருகு. இதிலே பூச்சி இல்லே. ஞாயித்துக்கிழமை உங்காத்திலேயே அதை எறும்பு தின்னுடுத்து, மாமா."